தலைப்பாகையால் கட்டப்பட்ட தளபதி: மருதநாயகம் யூசுஃப் கான்

சென்னையில் வாழும் நம் குடும்பங்கள் விடுமுறை நாட்களில் மெரினாவுக்குப் போவது வழக்கம். கூட்டம் வேண்டாம் என்பவர்கள் கலங்கரை விளக்கத்தைத் தாண்டித் தெற்கே நடந்து நொச்சிக்குப்பம் பக்கம் வந்துவிடுவார்கள். கரையில் படகுகள், காயும் வலைகள், லூப் சாலையில் மீன் வாங்க வந்தவர்களின் சத்தம், பின்னால் சாந்தோம் பேராலயத்தின் கோபுரம். பிள்ளைகள் அலையில் கால் நனைக்க, பெரியவர்கள் மணலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள்.

அந்த மணலில் உட்கார்ந்து தெற்கே பார்த்தால் அடையாறு முகத்துவாரம் இருக்கும் திசை. வடக்கே பார்த்தால் சேப்பாக்கம் அரண்மனையும் திருவல்லிக்கேணி வாலாஜா பெரிய பள்ளிவாசலும் இருக்கும் திசை. இந்த இரண்டு திசைகளுக்கும் நடுவே நம் சமுதாயத்தின் மறக்க முடியாத ஒரு வரலாறு கிடக்கிறது. வீரமும் உழைப்பும் நிறைந்த வரலாறு அது. அதே அளவுக்குச் சூழ்ச்சியும் துரோகமும் நிறைந்ததும்கூட.

1759ஆம் ஆண்டு பிப்ரவரி 16ஆம் தேதி மாலை இந்தக் கடலில் ஆங்கிலேயரின் கப்பல்கள் வந்து சேர்ந்தன. இரண்டு மாதங்களாகச் சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டிருந்த பிரெஞ்சுத் தளபதி லாலி, மறுநாளே முற்றுகையைக் கைவிட்டுப் பின்வாங்கினார். கோட்டையைக் காப்பாற்றியது அந்தக் கப்பல்கள்தான் என்று பாடப்புத்தகங்கள் சொல்லும். ஆனால் கப்பல் வந்து சேரும் வரை பிரெஞ்சுப் படையை நிம்மதியாக உண்ணவும் உறங்கவும் விடாமல் அலைக்கழித்தவர்களில் முதன்மையானவர் ஒரு தமிழ் முஸ்லிம். அவர்தான் முஹம்மது யூசுஃப் கான். மக்கள் வழக்கில் கான் சாஹிப். பிறந்தபோது வைத்த பெயர் மருதநாயகம்.

யாருடைய கோட்டையைக் காக்க அவர் அன்று வாளெடுத்தாரோ, அவர்களே ஐந்து ஆண்டுகள் கழித்து அவரைத் தூக்குமேடைக்கு அனுப்பத் துணைநின்றார்கள். அவரைக் கட்டிப்போட்டுக் கொடுத்தவர்களோ, அவர் உப்பைத் தின்றவர்கள்.

பனையூரிலிருந்து படைமுகாமுக்கு

இராமநாதபுரம் சீமையின் பனையூரில், ஏறத்தாழ 1725ஆம் ஆண்டில் வேளாளர் குடும்பம் ஒன்றில் பிறந்தவர் மருதநாயகம். அடங்காத பிள்ளை. இளம் வயதிலேயே வீட்டைவிட்டு வெளியேறினார். பாண்டிச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களிடம் வேலை, தஞ்சாவூரில் சிப்பாய், நெல்லூரில் சிறு அதிகாரி என்று ஊர் ஊராகப் போனார். போன இடமெல்லாம் ஒரு மொழியைக் கற்றார். தமிழோடு பிரெஞ்சு, போர்த்துகீசியம், ஆங்கிலம், உருது என்று பல மொழிகள் அவருக்கு வசப்பட்டன. இந்த இளமைக் காலத்திலேயே இஸ்லாத்தைத் தழுவி முஹம்மது யூசுஃப் கான் ஆனார்.

அவர் இளைஞராக இருந்தபோது தமிழகத்தின் போர்க்கலை உலகமே தலைகீழாக மாறிக்கொண்டிருந்தது. அதுவரை தென்சீமைப் பாளையங்களின் பலம் வேலும் வாளும் வளரியும் சிலம்பமும் தெரிந்த வீரர்கள்தான். நவாபுகளின் பலம் குதிரைப்படை. ஆனால் 1746 அக்டோபர் 24ஆம் தேதி, நொச்சிக்குப்பத்துக்குத் தெற்கே அடையாற்றின் கரையில் நடந்த ஒரு சண்டை அந்தக் கணக்கை மாற்றிவிட்டது. ஆற்காடு நவாப் அன்வருத்தீன் கானின் மூத்த மகன் மஹ்ஃபூஸ் கான் சுமார் 10,000 பேர் கொண்ட படையுடன் நின்றார். எதிரே வந்த பிரெஞ்சுப் படையில் சுமார் ஆயிரம் பேர்தான். ஆனால் அவர்கள் வரிசை கலையாமல் நின்று, அடுத்தடுத்துத் துப்பாக்கியால் சுடப் பழகியவர்கள். ஆற்றைக் கடந்து வந்து சுட்டார்கள். நவாபின் பெரும்படை சிதறி ஓடியது.

அன்றிலிருந்து எல்லோருக்கும் ஒன்று புரிந்தது. எண்ணிக்கையைவிடப் பயிற்சி பெரியது. வெள்ளைக்காரனின் பயிற்சியை நம் மண்ணின் பிள்ளைகளும் கற்றுக்கொள்ள முடியும். அதைக் கற்று, தென்னாட்டின் நெளிவு சுளிவுகளோடு சேர்த்துப் பயன்படுத்திய மிகச் சிறந்த தளபதியாக வந்தவர்தான் யூசுஃப் கான்.

திருச்சியில் கண்ட துரோகங்கள்

1749இல் ஆம்பூர்ப் போரில் நவாப் அன்வருத்தீன் கொல்லப்பட்டார். அவருடைய இளைய மகன் முஹம்மது அலி திருச்சிக் கோட்டைக்குள் தஞ்சம் புகுந்தார். நவாப் பதவிக்கு உரிமை கோரிய சந்தா சாஹிப் பிரெஞ்சுக்காரர் துணையோடு அந்தக் கோட்டையை வளைத்தார். முஹம்மது அலிக்கு ஆங்கிலேயக் கம்பெனி துணைநின்றது. கம்பெனிப் படையில் சேர்ந்த யூசுஃப் கான், ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ் என்ற ஆங்கிலேயத் தளபதியின் கீழ் இந்தத் திருச்சிப் போர்களில்தான் புகழ் பெற்றார்.

திருச்சிக்கு ஒரு பழைய கதை உண்டு. 1736இல் அந்தக் கோட்டையை ஆண்ட நாயக்க அரசி மீனாட்சிக்குத் தீங்கு செய்யமாட்டேன் என்று சத்தியம் செய்து உள்ளே நுழைந்தவர் இதே சந்தா சாஹிப். பிறகு வாக்கை மீறி ஆட்சியைக் கைப்பற்றினார். அரசி நஞ்சுண்டு இறந்தார். குர்ஆன் மீது செய்வதாகச் சொல்லி, பட்டுத் துணிக்குள் செங்கல்லை வைத்து அவர் சத்தியம் செய்ததாக மக்கள் இன்றும் சொல்வார்கள். அதைக் கேட்கும்போது நமக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. மார்க்கத்தின் பெயரைச் சொல்லிச் செய்யும் மோசடியைவிடக் கேவலம் வேறில்லை.

அதே திருச்சியில் 1752 ஜூன் மாதம் சந்தா சாஹிப் தோற்றார். தஞ்சைத் தளபதி மானோஜி உயிருக்குப் பாதுகாப்புத் தருவதாக வாக்களித்தார். அதை நம்பிச் சரணடைந்த சந்தா சாஹிபின் தலை வெட்டப்பட்டது. அந்தத் தலை முஹம்மது அலிக்கு அனுப்பி வைக்கப்பட்டது. கொடுத்த வாக்கை மீறியவர், வாங்கிய வாக்காலேயே அழிந்தார்.

அந்தக் காலத்து அரசியலின் முகம் இதுதான். போர்க்களத்தில் இறந்த தலைவர்களைவிடக் கூடாரத்துக்குள் விலைபேசப்பட்ட தலைவர்கள் அதிகம்.

யூசுஃப் கான் இந்தச் சேற்றில் சிக்காமல் தம் வேலையைச் செய்தார். முற்றுகையில் பட்டினி கிடந்த திருச்சிப் படைக்குத் தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து உணவு வண்டிகளைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்ப்பது அவர் பொறுப்பு. எந்தக் காட்டுவழியில் எதிரி இருக்கிறான், எந்த ஊரில் தானியம் கிடைக்கும், எந்தப் பாளையக்காரர் எந்தப் பக்கம் சாய்வார் என்பதெல்லாம் அவர் விரல் நுனியில் இருந்தது. லாரன்ஸ் அவரை அளவுகடந்து நம்பினார்.

நம்பிக்கை வந்தால் பொறாமையும் கூடவே வரும். 1754இல் லாரன்ஸின் மொழிபெயர்ப்பாளராக இருந்த பொன்னியப்பன் என்பவர் ஒரு சதி செய்தார். யூசுஃப் கான் மைசூர்ப் படையோடு ரகசியத் தொடர்பு வைத்திருப்பதாகக் காட்டும் கடிதத்தை முகாமில் சிக்கும்படி செய்தார். மைசூர்ப் படை அப்போது எதிரணியில் இருந்தது. விசாரணையில் உண்மை வெளிவந்தது. எதிரிக்கு ரகசியங்களைக் கொடுத்தவர் பொன்னியப்பனே என்று தெரிந்தது. அந்தக் காலத்துக் கொடிய வழக்கப்படி அவர் பீரங்கி வாயில் கட்டிச் சுடப்பட்டார். யூசுஃப் கானுக்கோ கம்பெனியின் சிப்பாய்கள் அனைவருக்கும் தளபதி என்ற பொறுப்பும் தங்கப் பதக்கமும் கிடைத்தன.

அந்த முறை சதி தோற்றது. நேர்மையான விசாரணை ஒன்று நடந்ததால் மட்டுமே அது தோற்றது. பத்தாண்டு கழித்து வந்த சதியின்போது விசாரணை செய்ய யாரும் இல்லை.

பரங்கிமலையில் ஈக்கூட்டம்

1758 டிசம்பரில் லாலி சென்னையை வளைத்தபோது யூசுஃப் கான் தெற்கேயிருந்து வரவழைக்கப்பட்டார். செங்கல்பட்டு, பரங்கிமலை, பூந்தமல்லி வட்டாரமெங்கும் அவருடைய ஆட்கள் திரிந்தார்கள். பிரெஞ்சுப் படைக்குப் போகும் மாடுகளை ஓட்டிச் சென்றார்கள். அரிசி மூட்டைகளை மறித்தார்கள். துரத்தினால் மறைந்தார்கள், திரும்பினால் மறுபடி வந்தார்கள். அவர்களை ஈக்களுக்கு ஒப்பிட்டாராம் லாலி. ஓரிடத்தில் விரட்டினால் இன்னோர் இடத்தில் வந்து மொய்க்கும் ஈக்கள். 1759 பிப்ரவரி 9ஆம் தேதி பரங்கிமலையில் பெரிய சண்டையும் நடந்தது. ஒரு வாரத்தில் கப்பல்கள் வந்தன. முற்றுகை முடிந்தது.

சென்னை என்ற நகரம் அன்று பிரெஞ்சுக்காரர் கைக்குப் போயிருந்தால் இந்திய வரலாறே வேறு மாதிரி எழுதப்பட்டிருக்கும். ஆங்கிலேயரின் ஆட்சிக்கு இந்த மண்ணில் கால் ஊன்ற இடம் கொடுத்ததில் நம்மவரின் பங்கும் இருந்தது என்பதை மறைக்கத் தேவையில்லை. யூசுஃப் கான் தமக்குச் சம்பளம் கொடுத்தவர்களுக்கு உண்மையாக இருந்தார். அவர்களும் தமக்கு உண்மையாக இருப்பார்கள் என்று நம்பினார். அவருடைய முதல் தவறு அந்த நம்பிக்கைதான்.

மதுரையின் கான் சாஹிப்

மதுரை, திருநெல்வேலிச் சீமைகளுக்கு அவர் முதலில் 1755இலும் 1756இலும் போனார். வரி கட்ட மறுத்த பாளையக்காரர்களை அடக்குவதே அவருக்கு இடப்பட்ட வேலை. நெற்கட்டும்செவல் பூலித்தேவர் அந்த எதிர்ப்பின் தலைவர். பல ஆண்டுகள் நீண்ட சண்டையின் முடிவில், 1761இல் பூலித்தேவரின் கோட்டைகள் யூசுஃப் கானிடம் வீழ்ந்தன. பூலித்தேவரை முதல் விடுதலை வீரர்களில் ஒருவராகத் தமிழகம் போற்றுகிறது. அவரை வீழ்த்தியவரும் பின்னாளில் அதே கம்பெனியை எதிர்த்து உயிர்விட்டார் என்பது வரலாற்றின் விசித்திரம்.

1759இல் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் குத்தகைக்கு மதுரைச் சீமையின் நிர்வாகம் அவரிடம் வந்தது. தளபதியாக வந்தவர் நல்ல ஆட்சியாளராகவும் இருந்ததைத் தென்னாடு கண்டது. பாதைகளில் கொள்ளை ஒழிந்தது. வணிகர் பயமின்றிப் போய்வந்தார்கள். குளங்களும் வாய்க்கால்களும் பழுது பார்க்கப்பட்டன. நெசவாளருக்கு ஆதரவு கிடைத்தது. குழப்ப காலத்தில் வழிபாடு தடைப்பட்டுக் கிடந்த மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்கு அதன் மானியங்களைத் திரும்பக் கொடுத்து, வருவாயிலிருந்து பொன்னும் ஒதுக்கினார். தாம் ஐவேளை தொழுத முஸ்லிம். தம் ஆட்சியில் இருந்தவர்களின் வழிபாட்டுரிமையைக் காப்பது தம் கடமை என்று நினைத்தவர். இன்று மதத்தின் பெயரால் மக்களைப் பிரிக்க நினைப்பவர்களுக்குக் கான் சாஹிபின் மதுரையே பதில்.

1760இல் தூத்துக்குடிப் பக்கம் டச்சுக்காரர்கள் படையோடு உள்ளே வந்தபோது அவர்களையும் விரட்டியடித்தார். மாசா என்னும் கிறிஸ்தவப் பெண்மணியை மணந்தார். ஓர் ஆண் குழந்தையும் பிறந்தது. பனையூரிலிருந்து ஓடிப்போன பையன் இப்போது தென்பாண்டிச் சீமையே பெயர் சொல்லும் மனிதர்.

நவாபின் அச்சம், கம்பெனியின் கணக்கு

யூசுஃப் கானின் வளர்ச்சி ஆற்காடு நவாப் முஹம்மது அலி வாலாஜாவின் கண்ணை உறுத்தியது. நியாயமாகப் பார்த்தால் நவாபின் அச்சத்துக்குக் காரணமில்லாமல் இல்லை. மதுரை தம் ஆட்சிக்கு உட்பட்ட சீமை. அதில் ஒரு தளபதி தனிப்படை வைத்து, கோட்டையைப் பலப்படுத்தி, மக்களிடமும் செல்வாக்குப் பெற்றுவிட்டார். இன்று குத்தகைக்காரர், நாளை அரசர் என்று நவாப் எண்ணினார்.

யூசுஃப் கான் இனித் தமக்குக் கீழே இருக்க வேண்டும், வரியைத் தம் வழியாகவே கட்ட வேண்டும் என்று கம்பெனியிடம் வற்புறுத்தினார். யூசுஃப் கானோ, ஆண்டுக்கு 7 லட்சம்கூடத் தருகிறேன், நேரடியாகக் கம்பெனிக்கே கட்டுகிறேன் என்று சொல்லிப் பார்த்தார். ஏழு லட்சம் கிடைக்கும் என்றால் கம்பெனி ஒப்புக்கொண்டிருக்க வேண்டாமா? அங்கேதான் கணக்கு. நவாப் தம் போர்களுக்காகக் கம்பெனிக்குப் பெருங்கடன் பட்டிருந்தார். நவாபை மகிழ்ச்சியாக வைத்திருந்தால்தான் அந்தக் கடன் வசூலாகும், அவர் பெயரில் நாடு முழுவதும் அதிகாரம் செலுத்தவும் முடியும். பழைய தளபதியின் விசுவாசத்தைவிடப் புதிய கடன்காரரின் கையெழுத்து கம்பெனிக்கு விலை உயர்ந்ததாகப் பட்டது.

யூசுஃப் கானைச் சென்னைக்கு வரச் சொல்லி அழைப்பு வந்தது. அவர் போகவில்லை. போனால் திரும்ப முடியாது என்று அவர் நினைத்திருக்கலாம். படை திரட்டினார். திருவிதாங்கூரோடு மோதினார். 1763 தொடக்கத்தில் பிரெஞ்சுக் கொடியை மதுரைக் கோட்டையில் ஏற்றினார். மார்ஷான் என்ற பிரெஞ்சு அதிகாரி தம் வீரர்களோடு அவரிடம் வந்து சேர்ந்தார்.

ஆனால் அவர் பிரெஞ்சுக் கொடியை ஏற்றிய அதே காலத்தில், 1763 பிப்ரவரியில், பாரிஸில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். அந்த உடன்படிக்கையில் முஹம்மது அலியே கர்நாடகத்தின் நவாப் என்று இரண்டு நாடுகளும் எழுதிக் கையெழுத்திட்டன. யாரை நம்பிக் கொடி ஏற்றினாரோ அவர்கள் எங்கோ கடலுக்கு அப்பால் அவருடைய எதிரியை அங்கீகரித்துவிட்டார்கள். மைசூரின் ஹைதர் அலி, ஹைதராபாத் நிஜாம் ஆகியோரிடமிருந்து எதிர்பார்த்த உதவியும் வரவில்லை. கான் சாஹிப் தனித்து நின்றார்.

மதுரை முற்றுகை

1763இல் நவாபின் படையும் கம்பெனிப் படையும் மதுரையை வளைத்தன. கர்னல் மான்சன் தலைமையிலான முதல் முற்றுகை தோற்றது. நவம்பர் மழையில் அவர்கள் பின்வாங்கினார்கள். அடுத்த ஆண்டு மேஜர் சார்லஸ் கேம்ப்பெல் தலைமையில் மறுபடி வந்தார்கள். 1764 ஜூன் 26ஆம் தேதி கோட்டை மீது ஏறிப் பெருந்தாக்குதல் நடத்தினார்கள். அதையும் கான் சாஹிப் முறியடித்தார். பிரஸ்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி அதில் பட்ட காயத்தால் இறந்தார். அவர் சென்னை முற்றுகையின்போது யூசுஃப் கானோடு தோளோடு தோள் நின்று போரிட்டவர்.

வாளால் முடியாது என்று தெரிந்ததும் பசியால் வெல்ல முடிவு செய்தார்கள். உள்ளே ஒரு மூட்டை அரிசியும் போகாதபடி அடைத்தார்கள். மாதங்கள் ஓடின. கோட்டைக்குள் தானியம் தீர்ந்தது. குதிரைகளையும் அறுத்து உண்ணும் நிலை வந்தது. வீரர்கள் இரவோடிரவாகச் சுவர் ஏறி ஓடத் தொடங்கினார்கள். தமக்கும் குடும்பத்துக்கும் வெளியேற வழிவிட்டால் கோட்டையைத் தருவதாகக் கான் சாஹிப் பேசிப் பார்த்தார். நிபந்தனையின்றிச் சரணடைய வேண்டும் என்று பதில் வந்தது.

இந்தச் சமயத்தில்தான் உள்ளே இருந்தவர்களின் மனம் மாறியது. கான் சாஹிபைக் கொடுத்துவிட்டால் நாம் பிழைத்துக்கொள்ளலாம் என்ற பேச்சு எழுந்தது. திவான் சீனிவாச ராவ், பிரெஞ்சு அதிகாரி மார்ஷான், மருத்துவர் பாபா சாஹிப் ஆகியோர் அந்தச் சதியின் முன்னணியில் இருந்தார்கள். சரணடைவது பற்றி நடந்த வாக்குவாதத்தில் கோபமடைந்த கான் சாஹிப் மார்ஷானைச் சவுக்கால் அடித்துவிட்டதாகவும், அந்த அவமானம் மார்ஷானின் நெஞ்சில் எரிந்துகொண்டிருந்ததாகவும் சொல்லப்படுகிறது. பசியில் இருந்த கோட்டையில் பொறுமை காக்க வேண்டிய தலைவர் பொறுமை இழந்தார். அது அவருடைய இரண்டாவது தவறு.

தொழுகையில் பிடிபட்டார்

1764 அக்டோபர் 13. கான் சாஹிப் ஆயுதமின்றித் தொழுகையில் நின்றிருந்தார். அவர் நிராயுதபாணியாக இருக்கும் வேளை அது ஒன்றுதான் என்பதை அவரோடு வாழ்ந்தவர்கள் அறிவார்கள். எதிரிக்குத் தெரியாத ரகசியம் நண்பனுக்குத் தெரியும். அந்த வேளையைத் தேர்ந்தெடுத்து உள்ளே புகுந்தார்கள். பல போர்க்களங்களில் யாராலும் நெருங்க முடியாத அந்த மனிதரை அவருடைய தலைப்பாகைத் துணியாலேயே கட்டினார்கள். நடந்ததைக் கண்டு கூக்குரல் எழுப்ப முயன்ற விசுவாசமான ஊழியர் ஒருவரை அங்கேயே வெட்டிக் கொன்றார்கள்.

கோட்டை கம்பெனியிடம் போனது. கான் சாஹிப் நவாபிடம் ஒப்படைக்கப்பட்டார். அவரோடு பல ஆண்டுகள் ஒரே முகாமில் இருந்த கம்பெனி அதிகாரிகள் வாய்திறக்கவில்லை. இரண்டு நாள் கழித்து, அக்டோபர் 15ஆம் தேதி மதுரைக்கு மேற்கே முகாமருகில் அவர் தூக்கிலிடப்பட்டார். அப்போது அவருக்கு வயது நாற்பதுக்கும் குறைவு. கயிறு இரண்டு முறை அறுந்து, மூன்றாவது முறையே உயிர் பிரிந்தது என்பது மக்கள் வழக்கு.

இறந்த பிறகும் அவர்களுடைய அச்சம் தீரவில்லை. உடல் துண்டாடப்பட்டுத் தலை திருச்சிக்கும், கை கால்கள் பாளையங்கோட்டை, தஞ்சாவூர், திருவிதாங்கூர்ப் பகுதிகளுக்கும் அனுப்பப்பட்டதாக வழங்கிவருகிறது. எஞ்சிய உடல் மதுரை சம்மட்டிபுரத்தில் அடக்கப்பட்டது. 1808இல் ஷேக் இமாம் என்பவர் அந்த இடத்தில் ஒரு சிறிய பள்ளிவாசலைக் கட்டினார். மதுரையிலிருந்து திண்டுக்கல் போகும் சாலையில், காளவாசல் அருகே அது இன்றும் இருக்கிறது. மதுரையின் கான்சாமேட்டுத் தெருவும் கான்பாளையமும் அவர் பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருக்கின்றன. கான் சாஹிபு சண்டை என்ற கதைப்பாடலாக நாட்டுப்புற மக்களும் அவரை நினைவில் வைத்தார்கள். 1997இல் கமல்ஹாசன் தொடங்கிய மருதநாயகம் திரைப்படம் முடிவடையாமல் நின்றுபோனாலும், அந்தப் பெயரை ஒரு புதிய தலைமுறைக்குக் கொண்டுசேர்த்தது.

வென்றவர் என்ன ஆனார்?

கதை இத்தோடு முடிந்திருந்தால் துரோகம் வென்றது என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும். முடியவில்லை. அதற்குத்தான் நொச்சிக்குப்பம் மணலிலிருந்து வடக்கே பார்க்கச் சொன்னேன்.

யூசுஃப் கான் கொல்லப்பட்டு நான்கு ஆண்டுகளில், 1768இல், நவாப் வாலாஜா சேப்பாக்கத்தில் கடலைப் பார்த்தபடி அழகிய அரண்மனை கட்டினார். கம்பெனியின் கோட்டைக்கு அருகிலேயே இருந்தால் பாதுகாப்பு என்று எண்ணினார். ஆனால் கம்பெனிக்கும் அதன் அதிகாரிகளுக்கும் அவர் பட்ட கடன் வட்டிமேல் வட்டியாக வளர்ந்தது. ஆற்காடு நவாபின் கடன் என்பது லண்டன் நாடாளுமன்றத்தில் விவாதிக்கப்படும் அளவுக்கு நாறியது. வசூலுக்காக நாட்டின் வருவாயைக் கம்பெனியிடமே அடகு வைக்கும் நிலை வந்தது. 1795 அக்டோபரில் நவாப் காலமானார். யூசுஃப் கானைப் பலிகொண்ட அதே அக்டோபர் மாதம்.

அவர் மகன் காலம் முடிந்ததும், 1801இல், கம்பெனி கர்நாடகம் முழுவதையும் எடுத்துக்கொண்டது. நவாபுக்குப் பெயரும் உதவித்தொகையும் மட்டுமே மிச்சம். 1855இல் அந்தப் பட்டமும் பறிபோனது. சேப்பாக்கம் அரண்மனை ஏலத்துக்கு வந்து, அரசாங்கமே அதை வாங்கியது. தென்னாட்டில் கம்பெனியை எதிர்த்துப் போரிடத் தெரிந்த ஒரு முஸ்லிம் தளபதியைக் கம்பெனியின் கையாலேயே அழித்த நவாபுக்கு, பிறகு அதே கம்பெனியைத் தடுத்து நிறுத்த ஆள் இல்லாமல் போனது.

நவாப் வாலாஜா செய்த நற்காரியங்களும் உண்டு. அவர் பெயரால் திருவல்லிக்கேணியில் எழுந்த பள்ளிவாசலில் நாம் இன்றும் தொழுகிறோம். அவரைத் திட்டுவது நம் நோக்கமல்ல. இருவரும் முஸ்லிம்கள். இருவரும் திருச்சி முற்றுகையில் ஒரே பக்கம் நின்றவர்கள். உட்கார்ந்து பேசித் தீர்த்திருக்க வேண்டிய ஒரு பிரச்சினையை மூன்றாவது ஆளின் தராசில் கொண்டுபோய் வைத்தார்கள். தராசு பிடித்தவன் இரண்டு தட்டிலும் இருந்ததை எடுத்துக்கொண்டான்.

நமக்கு என்ன பாடம்?

கான் சாஹிபைக் குறையற்ற மனிதராகக் காட்ட வேண்டிய அவசியம் நமக்கில்லை. கம்பெனிக்காக நம் மண்ணின் மக்களோடு போரிட்டார். கோபத்தில் கூட இருந்தவர்களின் மனத்தை முறித்துக்கொண்டார். ஆனால் அவர் யாரையும் தொழுகையில் வைத்துக் காட்டிக்கொடுக்கவில்லை. நம்பி ஒப்படைக்கப்பட்ட சீமையை நன்றாக ஆண்டார். ஒப்படைக்கப்பட்ட அமானிதத்தில் மோசடி செய்வது நயவஞ்சகத்தின் அடையாளம் என்று மதரஸாவில் ஓதும் நம் பிள்ளைக்கும் தெரியும். சந்தா சாஹிப் முதல் மதுரைக் கோட்டையின் சதிகாரர்கள் வரை அதை மறந்தவர்களின் கதைதான் அந்த நூற்றாண்டு.

இது அரண்மனைகளோடு முடிந்துபோன நோயல்ல. ஜமாஅத் நிர்வாகத்திலும், சங்கங்களிலும், கூட்டு வியாபாரத்திலும், சொத்துப் பிரிக்கும் அண்ணன் தம்பிகளிடையேயும் இதே கதை சிறிய அளவில் நடக்கிறது. ஒருவர் வளர்ந்தால் பொறாமை, நேரில் கேட்காமல் முதுகுக்குப் பின்னால் மனு, பொய்க் கடிதம், கடைசியில் நம் வழக்கைத் தீர்க்க வெளியாரைக் கூப்பிடுவது. 1754இல் ஒரு நேர்மையான விசாரணை ஒரு நல்ல தளபதியைக் காப்பாற்றியது. 1764இல் அது இல்லாததால் ஒரு சீமையே போனது. ஒருவர் மேல் புகார் வந்தால் அவரை அழைத்துக் கேட்பது என்ற ஒரு சிறிய வழக்கத்தை மட்டும் நாம் பிடித்துக்கொண்டால் பாதித் துரோகங்கள் தொடங்கும் முன்பே முடிந்துவிடும்.

அடுத்த முறை மதுரை போகிறவர்கள் காளவாசலில் இறங்கி, அந்தச் சிறிய பள்ளியில் இரண்டு ரக்அத் தொழுது அவருக்காக துஆ செய்யுங்கள். நொச்சிக்குப்பம் மணலில் உட்காரும் நாளில், அலையில் விளையாடித் திரும்பும் பிள்ளைகளிடம் இந்தக் கடலில் ஒரு பிப்ரவரி மாலையில் கப்பல்கள் வந்த கதையையும், அதுவரை கரையைக் காத்த மனிதருக்கு என்ன நடந்தது என்பதையும் சொல்லுங்கள். அல்லாஹ் அவருடைய பிழைகளைப் பொறுத்து, அவருடைய நற்செயல்களை ஏற்றுக்கொள்வானாக.